அவசரம்: தானியங்கிக் கார் தானாகவே பிரேக் போடுகிறது, எப்படி நிறுத்துவது?

ரவி_குன்றத்தூர் | சனி, மாலை 6.12
வணக்கம். செவ்வாய்க்கிழமை காலை அம்மாவை வேலூருக்குச் சிகிச்சைக்கு அழைத்துப் போக வேண்டும். என் தானியங்கிக் கார் முன்னால் யாருமே இல்லாதபோது தானாகவே பிரேக் போடுகிறது. நேற்றும் போட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் கெட்டிக்காரர், ஒடித்து ஒதுங்கிவிட்டார். இல்லையென்றால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். இதை எப்படி நிறுத்துவது? தெரிந்தவர்கள் உடனே சொல்லவும்.

கண்ணன்_68 | 6.20
தானியங்கி என்றால் கிளட்ச் இல்லாத கார்தானே? காலிப்பர் (சக்கரத்தில் பிரேக் கட்டையை அழுத்தும் பாகம்) ஒட்டிக்கொண்டிருக்கும். ஓட்டி முடித்ததும் சக்கரத்தின் பக்கம் கை வைத்துப் பாருங்கள், அனல் அடிக்கிறதா? எனக்கு 2011இல் இதே தொல்லை. பிரேக் ஆயில் மாற்றியதும் போயிற்று.

மெக்கானிக் சேது | 6.31
என்ன கார்? எந்த வருடம்? என்ன வேகம்? எந்த இடம்? பகலா, இரவா, மழையா? வயிறு வலிக்கிறது என்று மட்டும் சொல்லி மருந்து கேட்டால் எப்படித் தம்பி?

ரவி_குன்றத்தூர் | 6.40
கியர் விஷயம் இல்லை சார். தானே ஓட்டும் வசதி உள்ள கார். சென்ற ஆண்டு வாங்கினேன். நிறுவனத்தின் பெயரை இழுக்க விரும்பவில்லை. 90இல் போய்க்கொண்டிருந்தேன். திரையில் சிவப்பாக ஏதோ மின்னியது, அடுத்த நொடி பிரேக். பின்சீட்டில் இருந்த சாப்பாட்டுக் கூடை முன்னால் வந்து விழுந்து, கியர் லீவர் முழுக்க மோர்க்குழம்பு. சாலையில் ஒரு நாய்கூட இல்லை.

பழைய டீசல் | 7.02
முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தானே ஓட்டும் கார் உங்களிடம் இல்லை. தானே ஓட்டும் திறனுக்கு 0 முதல் 5 வரை ஆறு நிலைகள் உண்டு. நம் ஊர்க் கடைகளில் ஏடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் வசதிகள்) என்று விற்பதெல்லாம் இரண்டாம் நிலை வரைதான். வண்டி ஸ்டீயரிங்கையும் வேகத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும். சாலையைப் பார்க்க வேண்டியவர் நீங்கள், எல்லா நேரமும். கையேட்டில் முதல் பத்துப் பக்கங்களுக்குள் இது இருக்கும். கையேடு இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கிறது என்று ஊகிக்கிறேன்.
என் வண்டிக்கு 19 வயது. நான் மிதித்தால்தான் நிற்கும்.

புலவர் வீட்டுப் பிள்ளை | 7.10
குழப்பத்துக்குக் காரணம் சொல். கியர் தானாக மாறினாலும் தானியங்கி, ஓட்டுநர் இல்லாமல் போனாலும் தானியங்கி என்றால் கண்ணன் ஐயா காலிப்பரைத் தொடத்தான் சொல்வார். பின்னதைத் தானோட்டி என்று எழுதலாம்.

கண்ணன்_68 | 7.13
தானோட்டியோ தேரோட்டியோ, சக்கரம் சுடுகிறதா என்று அவர் இன்னும் சொல்லவில்லை.

நெடுஞ்சாலை நாகு | 7.35
ரவி, அந்த இடத்தில் மேலே மேம்பாலமோ பச்சைப் பலகையோ இருந்ததா? சந்தேகமே வேண்டாம், ரேடார்தான். பல கார்களின் ரேடார் ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று நன்றாகச் சொல்லும். எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சொல்வதில்தான் தடுமாறும். தலைக்கு மேல் தொங்கும் இரும்புப் பலகை அதற்குச் சாலையை அடைத்து நிற்கும் சுவர். நிற்கும் பொருளையெல்லாம் கண்டுகொள்ளாதே என்று சொல்லிவைத்தால், பழுதாகி நிற்கும் லாரியின் பின்னால் போய்ச் சொருகும். இந்தப் பக்கம் போனால் வீண் பிரேக், அந்தப் பக்கம் போனால் மோதல்.
இது உங்களுக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை. இதே புகார் 354 பேரிடமிருந்து வந்ததால் 2022 பிப்ரவரியில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை சுமார் 4,16,000 டெஸ்லா கார்கள் மீது விசாரணை தொடங்கியது.

வேம்பு | 7.41
நாகு சார், டெஸ்லாவில் 2021இலேயே ரேடாரை நீக்கத் தொடங்கிவிட்டார்களே. அந்தப் புகார்கள் 2021, 2022 வண்டிகளைப் பற்றியவை. உங்கள் உதாரணமே உங்கள் காலை வாருகிறது.

நெடுஞ்சாலை நாகு | 7.50
ரேடாரும் தவறும், கேமராவும் தவறும் என்றுதான் சொல்கிறேன்.

வேம்பு | 7.52
"சந்தேகமே வேண்டாம், ரேடார்தான்" என்று எழுதியது வேறு நாகுவா?

லட்சுமி மணி | 8.05
ரவி தம்பி, பூஜை போட்டபோது முன்பக்கச் சின்னத்தின் மேல் சந்தனம் அப்பினீர்களா? பல வண்டிகளில் அதற்குப் பின்னால்தான் ரேடார் இருக்கும். என் மருமகன் வண்டியில் சந்தனம் காய்ந்து ஓடாகி, "சென்சார் மறைக்கப்பட்டுள்ளது" என்று ஒரு வாரம் காட்டிக்கொண்டே இருந்தது. ஈரத் துணியால் துடைத்ததும் சரியாயிற்று. முன்னால் இரும்புக் கம்பி மாட்டியிருந்தாலும் கழற்றிவிடுங்கள். அதற்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது.

அரிசோனா அகிலா | 8.30
நான் ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கிறேன். இங்கே 2020 முதலே ஓட்டுநர் இருக்கையில் ஆளில்லாத டாக்சியில் யார் வேண்டுமானாலும் ஏறலாம். மாதம் நான்கு முறை ஏறுகிறேன், ஒரு முறைகூடப் பயந்ததில்லை. மனிதர்கள் ஓட்டி இந்தியாவில் 2022இல் மட்டும் 1,68,491 பேர் இறந்தார்கள். ஒரு வீண் பிரேக்குக்கு இவ்வளவு ஒப்பாரியா?

பழைய டீசல் | 8.44
அம்மணி, உங்கள் பக்கத்து டெம்பியில் 2018 மார்ச் 18 இரவு என்ன நடந்தது? ஊபரின் தானோட்டிச் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்ணை மோதிக் கொன்றது. மோதுவதற்கு 5.6 நொடிகள் முன்பே அவரைக் கண்டுவிட்டது. கண்டு என்ன பயன்? வாகனம் என்றது, வேறு ஏதோ என்றது, சைக்கிள் என்றது. பெயர் மாற்றும்போதெல்லாம் அவர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்ற கணக்கை மறந்து புதிதாகத் தொடங்கியது. மக்கள் சாலையைக் கடப்பதற்கென்று கோடு போட்ட இடத்துக்கு வெளியே ஒருவர் நடந்து குறுக்கிடுவார் என்ற நினைப்பே அதற்குள் இல்லை. அந்த வண்டியோடு வந்த அவசர பிரேக்கையும் சோதனைக்காகத் துண்டித்து வைத்திருந்தார்கள்.
கோட்டுக்கு வெளியே நடப்பவரைத் தெரியாத வண்டியை ஸ்ரீபெரும்புதூரில் விட்டுப் பாருங்கள்.

அரிசோனா அகிலா | 8.51
அந்தக் காரில் கண்காணிக்க ஆள் இருந்தாரே. சாலையைப் பார்க்காமல் கைப்பேசியில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

வேம்பு | 9.03
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். மணிக்கணக்கில் எதுவும் செய்யாமல் உட்கார், ஒரு நொடியில் விழித்துக் காப்பாற்று என்றால் எந்த மனிதனால் முடியும்? கடைசியில் 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு பெற்றவர் அந்த ஊழியர்தான். நிறுவனத்தின் மீது குற்ற வழக்கே இல்லை. செவ்வாய்க்கிழமை ரவியின் வண்டி லாரிக்கு முன்னால் நின்றால் போலீஸ் யாரைக் கேட்கும்? மென்பொருளையா?

அரிசோனா அகிலா | 9.10
ஆளே இல்லாத டாக்சியில் அந்தச் சிக்கல் இல்லை. பாதி இயந்திரம், பாதி மனிதன் என்பதுதான் ஆபத்து.

பழைய டீசல் | 9.18
ஆளில்லாததும் பார்த்தாயிற்று. 2023 அக்டோபர் 2, சான் பிரான்சிஸ்கோ. வேறொருவர் ஓட்டிய கார் இடித்துத் தள்ளிய பெண், க்ரூஸ் என்ற நிறுவனத்தின் ஆளில்லா டாக்சியின் முன்னால் விழுந்தார். டாக்சி மோதியது, நின்றது. பிறகு ஓரங்கட்டுகிறேன் என்று அவரை அடியில் வைத்தே சுமார் 20 அடி இழுத்துப் போனது. எவ்வளவு மோசமான ஓட்டுநரும் இறங்கிக் குனிந்து பார்த்திருப்பான். அந்த மாதமே கலிபோர்னியா அந்த நிறுவனத்தின் அனுமதியை நிறுத்திவைத்தது.

புலவர் வீட்டுப் பிள்ளை | 9.22
"ஓரங்கட்டுதல்" என்ற சொல் இவ்வளவு கொடூரமாகப் பொருந்தி நான் பார்த்ததில்லை.

மெக்கானிக் சேது | 9.40
உலக வழக்கெல்லாம் நாளைக்குப் பேசுங்கள். கேட்ட ஆளைக் காணவில்லை. ரவி தம்பி, மூன்றே கேள்வி. ஒன்று, பிரேக் விழுந்த இடத்தில் பக்கத்தில் சர்வீஸ் ரோடு இருந்ததா? இரண்டு, அதில் ஏதாவது வண்டி போனதா? மூன்று, முன் கண்ணாடியை மாற்றினீர்களா?

ரவி_குன்றத்தூர் | ஞாயிறு, காலை 7.05
மன்னிக்கவும், தூங்கிவிட்டேன். சுங்குவார்சத்திரம் தாண்டி, சர்வீஸ் ரோடு இருந்தது. இடப்பக்கம் ஒரு டிராக்டர் போனது, ஆனால் அது என் வழியில் இல்லை. கண்ணாடி ஆகஸ்டில் மாற்றியது. ஜல்லி தெறித்து விரிசல் விட்டது, வெளியில் ஒரு கடையில் போட்டேன். நல்ல கண்ணாடிதான். அதற்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?

மெக்கானிக் சேது | 7.21
இதை நேற்று முதல் வரியில் எழுதியிருந்தால் எல்லோரும் நேரத்தோடு சாப்பிட்டிருப்போம்.
உள்கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புப் பெட்டி மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். அதுதான் கேமரா. அது முன் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறது. கண்ணாடியைக் கழற்றி மாட்டும்போது அதன் பார்வை ஒரே ஒரு டிகிரி திரும்பினாலும், 100 மீட்டர் தூரத்தில் அது ஒன்றே முக்கால் மீட்டர். நம் சாலையில் ஒரு தடம் மூன்றரை மீட்டர். அதாவது பாதித் தடம் நகர்ந்துவிட்டது. சர்வீஸ் ரோட்டில் 30இல் உருண்ட டிராக்டர், உங்கள் காருக்கு உங்கள் மூக்குக்கு முன்னால். போதாததற்கு அந்தப் பக்கம் அகலப்படுத்தும் வேலையில் பழைய கோடும் புதுக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும்.
திங்கள் காலை கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய் "கேமரா காலிப்ரேஷன்" என்று கேளுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எதிரே கட்டம் போட்ட பலகையை அளந்து வைத்துச் செய்வார்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும், டிக்கியில் சுமை வேண்டாம். அதுவரை வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் க்ரூஸ் கன்ட்ரோலைத் தொடாதீர்கள்.

கண்ணன்_68 | 7.30
அவசர பிரேக்கையே அணைத்துவிட்டால் என்ன?

மெக்கானிக் சேது | 7.38
இன்றும் நாளையும் ஓட்டியாக வேண்டுமென்றால் அணைக்கலாம். பல வண்டிகளில் இன்ஜினை நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டால் அதுவும் தானாக உயிர்பெற்றுவிடும், ஒவ்வொரு முறையும் திரையைப் பாருங்கள். ஒரேயடியாக அணைத்துப்போடச் சொல்ல மாட்டேன். அந்த பிரேக்கால் தப்பித்த இரண்டு பேரின் பம்பரை நானே மாற்றியிருக்கிறேன். வேகம் குறைந்து இடித்ததால் பம்பரோடு போயிற்று.

நெடுஞ்சாலை நாகு | 7.55
கேமரா என்கிறீர்கள், சரி. ரேடாரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

லட்சுமி மணி | 8.10
சந்தனத்தையும்.

ரவி_குன்றத்தூர் | செவ்வாய், இரவு 9.48
கண்ணாடிதான். பலகை வைத்துச் சரிசெய்தார்கள், இரண்டு மணி நேரம் ஆயிற்று. வேலூர் போய்வந்துவிட்டோம், முழுக்க நானே ஓட்டினேன். வாலாஜாபேட்டை தாண்டி ஒரு முறை சிவப்பாக மின்னியது, பிரேக் விழவில்லை. எதிரே ஒரு மாட்டுவண்டி. சேது அண்ணாவுக்கு நன்றி.

மெக்கானிக் சேது | 9.55
மாட்டுவண்டி உங்கள் தடத்திலா, ஓரத்திலா? எவ்வளவு தூரத்தில் மின்னியது?

பழைய டீசல் | புதன், காலை 6.30
எந்தக் கார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

கண்ணன்_68 | 6.41
சக்கரம் சுட்டதா என்றும்.