அடர் மார்பகமும் கான்ட்ராஸ்ட் மேமோகிராமும்: உங்கள் அனுபவம் என்ன?

முதல் பதிவு

எனக்கு வயது 47. குளிக்கும்போது இடது மார்பில் தட்டுப்பட்ட கட்டி, சாதாரண மேமோகிராமில் எங்கும் இல்லை. முந்தைய ஆண்டு அறிக்கையிலும் ‘பைராட்ஸ் 1, அடர்த்தி டி’ என்றே இருந்தது; அதாவது, சந்தேகப்பட ஒன்றுமில்லை, ஆனால் கொழுப்பு குறைந்த, மிக அடர்ந்த மார்பகம். அந்த ‘டி’ எதைக் குறிக்கிறது என்று அன்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இம்முறை கான்ட்ராஸ்ட் மேமோகிராம் எடுக்கச் சொன்னார்கள். கையில் அயோடின் மருந்தை ஏற்றி, இரண்டு நிமிடம் அமர வைத்து, பிறகு வழக்கம்போல் தகடுகளுக்கிடையே அழுத்திப் படமெடுத்தார்கள். மருத்துவர் திரையை என் பக்கம் திருப்பினார். ஒருபுறம் சாதாரணப் படம். தயிரைக் கவிழ்த்ததுபோல் முழுவதும் வெண்மை. மறுபுறம் அந்த வெண்மையெல்லாம் விலகிச் சாம்பல் நிறமாகி, நடுவில் புளியங்கொட்டை அளவில் ஒன்று மட்டும் ஒளிர்ந்தது. சென்ற ஆண்டும் அது அந்தத் தயிருக்குள் இருந்ததா என்ற கேள்வி இன்றும் என்னை உறங்கவிடுவதில்லை.

இரண்டாம் பதிவு

சகோதரியின் பதிவைப் படிப்பவர்கள், ஒளிர்வதெல்லாம் புற்று என்று அஞ்சிவிடக் கூடாது. என் தாயாருக்கும் இப்படித்தான் ஒளிர்ந்தது. ஊசியால் திசு எடுத்துப் பார்த்தபோது அது ஃபைப்ரோஅடினோமா என்னும் தீங்கற்ற கட்டி. முடிவு வரும்வரை ஒன்பது நாட்கள் அவர் சமையலறையில் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். 3டி மேமோகிராமோடு நிறுத்தியிருந்தால் அந்த ஒன்பது நாட்கள் எங்களுக்கு வந்திருக்காது.

மூன்றாம் பதிவு

இதில் எனக்கு உடன்பாடில்லை. நான் பதினோரு ஆண்டுகளாக மேமோகிராம் எடுப்பவள். 3டி எனப்படும் டோமோசிந்தசிஸில், எக்ஸ்ரே குழாய் வளைவாக நகர்ந்து பல கோணங்களில் எடுக்கும் படங்களைக் கணினி சுமார் 1 மி.மீ. அடுக்குகளாக்கித் தருகிறது, ஒன்றன்மேல் ஒன்று படிந்த திசு விலகுவதால் கட்டியின் விளிம்பு தெரியும். ஆனால் சுற்றிலும் கொழுப்பே இல்லாத மார்பகத்தில், அடுக்கிலும் வெண்மைக்குள் வெண்மைதான். கான்ட்ராஸ்ட் முறை, புற்றுக்கட்டிகளில் பெரும்பாலும் மிகுந்திருக்கும் இரத்த ஓட்டத்தையும் காட்டுகிறது. அயோடின் எக்ஸ் கதிரை உறிஞ்சும் அளவு 33.2 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் திடீரென உயர்வதால், அதற்குக் கீழும் மேலுமாக இரு ஆற்றல்களில் படமெடுத்துக் கழித்தால், அயோடின் தேங்கிய இடம் மட்டும் எஞ்சும். எனினும் இது விளையாட்டன்று. ஒருமுறை அழுத்தத்தில் நின்றிருந்த அம்மையார் ஒருவர், ‘கழுத்து அரிக்கிறது’ என்று மெல்லச் சொன்னார். தகட்டைத் தளர்த்துவதற்குள் மார்பெங்கும் தடிப்பு. முன்பு சி.டி. ஸ்கேனிலும் அப்படி ஆனதாகப் பிறகுதான் சொன்னார். படிவத்தில் ‘ஒவ்வாமை இல்லை’ என்று குறித்திருந்தார்.

நான்காம் பதிவு

என் அனுபவம் சிறியது: மருந்து ஏறியதும் உடலெங்கும் சூடு பரவியது, சற்று நேரத்தில் முடிந்தது, ஒன்றுமில்லை என்று வந்தது. ஆனால் செல்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ இருந்தால், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை செய்துவிட்டுச் செல்லுங்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை உட்கொள்வதையும் தைராய்டு கோளாறையும் முன்பே சொல்லுங்கள். இறால் ஒத்துக்கொள்ளாது என்பதற்காக மட்டும் அஞ்ச வேண்டாம். கான்ட்ராஸ்ட் மருந்தே முன்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதை மறைக்கவே கூடாது. மாதவிடாய் நிற்காதவர்கள் 7 முதல் 14ஆம் நாளுக்குள் சென்றால் இயல்பான திசு ஒளிர்வது குறையும். பழைய அறிக்கையோடு படங்களையும் கொண்டு செல்லுங்கள். இரண்டாம் பதிவருக்கு ஒன்று: 2025இல் லான்செட் இதழில் வெளியான பிரிட்டனின் பிரெய்ட் ஆய்வில், மேமோகிராமில் ஒன்றும் தெரியாத அடர் மார்பகப் பெண்களிடையே, கான்ட்ராஸ்ட் மேமோகிராம் ஆயிரத்துக்குச் சுமார் 19 புற்றுகளைக் கண்டறிந்தது, தானியங்கி அல்ட்ராசவுண்ட் கண்டறிந்தது சுமார் 4. உங்கள் ஒன்பது நாட்களை இதனோடு வைத்து எடைபோடுங்கள்.

இரண்டாம் பதிவர்

அந்த ஒன்பது நாட்களுக்குப் பிறகு, இரண்டு ஆண்டுகளாக என் தாயார் எந்தப் பரிசோதனைக்கும் வர மறுக்கிறார். அதையும் தராசில் வையுங்கள்.

முதல் பதிவர்

என்னுடையது 14 மி.மீ.; அக்குளுக்குப் பரவியிருக்கவில்லை, அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. சென்ற ஆண்டுப் படத்தை மருத்துவரிடம் மீண்டும் காட்டினேன். இடம் தெரிந்து தேடினாலும் தமக்குத் தெரியவில்லை என்றார்.