திருகு வைத்த கண்ணாடி: ஒரு கண்ணுக்கு மட்டும் சரியாகவே வரவில்லை

வேப்பங்காற்று:
அப்பாவுக்கு (வயது 63) இணையத்தில் ஒரு கண்ணாடி வாங்கினேன். இரண்டு பக்கமும் சின்னத் திருகு. திருப்பினால் -6 முதல் +3 வரை பவர் மாறும். இடது கண்ணுக்கு அரை நிமிடத்தில் சரியாகிவிட்டது. வலது கண்ணுக்கு எவ்வளவு திருகினாலும் எழுத்துக்குப் பின்னால் நிழல் விழுகிறதாம். லென்ஸ் பழுதா? நானும் போட்டுப் பார்த்தேன், தலைவலிதான் மிச்சம்.

கண்ணாடிக்கடைக்காரன்:
இடது கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி மெதுவாகத் திருகச் சொல்லுங்கள். என்ன தெரிகிறது?

வேப்பங்காற்று:
திருகின் ஒரு நிலையில் செங்குத்துக் கம்பிகள் பளிச்சென்று தெரிகின்றனவாம், குறுக்குக் கம்பிகள் மங்கல். இன்னும் கொஞ்சம் திருகினால் அப்படியே தலைகீழ். இரண்டும் ஒன்றாகத் தெரியும் இடமே இல்லை என்கிறார்.

கண்ணாடிக்கடைக்காரன்:
அப்படியானால் லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம். அது சிலிண்டர் பவர், அதாவது ஒரு திசைக்கு மட்டும் தனியாகத் தேவைப்படும் பவர். இப்படிப்பட்ட கண்ணில் விழிவெண்படலம் (கார்னியா, கண்ணின் முன்னால் உள்ள தெளிவான படலம்) எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளைந்திருக்காது.

உங்களுடையது அல்வாரெஸ் லென்ஸ். 1968இல் நோபல் வாங்கிய இயற்பியலாளர் லூயிஸ் அல்வாரெஸின் யோசனை, காப்புரிமை 1967. அலை போல வளைந்த இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று இருக்கும். திருகினால் பக்கவாட்டில் எதிரெதிராக நகரும், பவர் ஏறும் அல்லது இறங்கும். ஆனால் எல்லாத் திசைக்கும் ஒரே அளவில்தான். ஒரு திசைக்கு மட்டும் கூட்டித் தா என்றால் அதற்கு வழி கிடையாது.

கண் பரிசோதித்து எழுதிக் கொடுத்த பழைய சீட்டு இருந்தால் சிலிண்டர் என்ற கட்டத்தைப் பாருங்கள்.

ஆடிக்காற்றில்அம்மி:
ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஜோஷுவா சில்வர் செய்த கண்ணாடியில் பவரை மாற்ற ஊசிக்குழல் வழியாக லென்ஸுக்குள் சிலிகான் எண்ணெய் ஏற்றுவார்களே, அது உதவாதா?

கண்ணாடிக்கடைக்காரன்:
அதிலும் இதே கதைதான். எண்ணெய் ஏறினால் லென்ஸின் சவ்வு வட்டமாகத்தான் உப்பும். கண் மருத்துவர் இல்லாத ஊருக்கு அது பெரிய வரம், அதை மறுக்கவில்லை.

உங்கள் தலைவலிக்கு: ப்ளஸ் பக்கத்தில் தொடங்கி, முதலில் தெளியும் இடத்திலேயே நிறுத்துங்கள். மைனஸிலிருந்து வந்தால் இளங்கண் தானே முக்கி முக்கிச் சமாளிக்கும், அப்புறம் வலிக்கும்.

வேப்பங்காற்று:
சீட்டு கிடைத்தது. வலது: சிலிண்டர் -1.75, ஆக்சிஸ் (சிலிண்டரின் திசைக் கோணம்) 90. இடதில் வெறும் கோடு. நாளைக்குக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போகிறேன். திருகுக் கண்ணாடியை அப்பா திருப்பித் தர மாட்டாராம். புதுக் கண்ணாடி தொலைந்தால் அதைத் தேட இது வேண்டும் என்கிறார்.