கேர் கோர்ட்டில் மகனுக்காக மனு போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? (கலிஃபோர்னியா)

ஃப்ரீமாண்ட் அம்மா

வணக்கம். என் மகனுக்கு 27 வயது, ஐந்து வருடமாக ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்). மாத்திரையை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. எனக்கு நோயே இல்லை, நீங்கள்தான் சொல்லிச் சொல்லி நோயாளி ஆக்குகிறீர்கள் என்கிறான். நான்கு மாதமாகக் காரில்தான் தூங்குகிறான். சாப்பாட்டில் ஏதோ கலக்கிறோம் என்று பயம். தோல் உரிக்காத வாழைப்பழமும் மூடி பிரிக்காத தயிர் டப்பாவும் கார் பானெட் மேல் வைத்துவிட்டு நான் இருபது அடி தள்ளி நின்றால் மட்டும் எடுத்துக்கொள்வான்.

இரண்டு முறை 5150 (சம்மதம் இல்லாமலே 72 மணி நேரம் வரை ஆஸ்பத்திரியில் வைக்கும் சட்டப் பிரிவு) போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இரண்டு முறையும் 72 மணி நேரத்துக்குள் வெளியே விட்டுவிட்டார்கள், எங்களுக்கு ஒரு போன்கூட வரவில்லை.

கேர் கோர்ட் என்று ஒன்று இருக்கிறது, இப்படி நோய் உள்ளவருக்காகக் குடும்பத்தினர் மனு போட்டால் கோர்ட் மூலம் சிகிச்சைக்கும் உதவிக்கும் ஏற்பாடு செய்வார்கள் என்று கோயிலில் ஒருவர் சொன்னார். பெற்ற பிள்ளை மேல் கேஸ் போடுவதா என்று இவன் அப்பா கேட்கிறார், பேசாமல் சென்னைக்குக் கூட்டிப் போய்விடலாம் என்கிறார். மனு போட்டால் போலீஸ் ரெக்கார்டில் ஏறுமா? மருந்தை வலுக்கட்டாயமாகக் கொடுப்பார்களா? வக்கீல் செலவு எவ்வளவு? அதைவிட, அவன் என்னை மன்னிப்பானா?

தம்பிக்கு அக்கா, சான் டியாகோ

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. என் தம்பிக்காக 2024 ஜனவரியில் நான் மனு போட்டேன், எங்கள் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) 2023 அக்டோபரிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் ஒன்று, இது கிரிமினல் கேஸ் இல்லை, சிவில். போலீஸ் ரெக்கார்டில் எதுவும் ஏறாது. மனுவுக்குக் கட்டணம் கிடையாது, ஃபார்ம் பெயர் கேர்-100, கோர்ட்டில் இருக்கும் செல்ஃப் ஹெல்ப் சென்டரில் உட்கார்ந்து நிரப்ப உதவினார்கள்.

மனு ஏற்றுக்கொண்ட பிறகு கவுண்டியிலிருந்து ஒரு பெண் அவனைத் தேடிப் போனார். ஆறு முறை போயும் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏழாவது முறை அவன் ஷூ கிழிந்திருப்பதைப் பார்த்து அளவு கேட்டிருக்கிறார். அங்கே ஆரம்பித்த பேச்சுதான், நான்காம் மாதம் கேர் அக்ரிமென்ட்டில், அதாவது சிகிச்சைக்கு அவனே சம்மதிக்கும் ஒப்பந்தத்தில், கையெழுத்துப் போட்டான். மாதம் ஒரு ஊசி, தங்க ஒரு அறை, ஒரு கேஸ் மேனேஜர். மாத்திரையைத் தினமும் நினைவு வைக்க வேண்டாமே என்று ஊசியைக் கேட்டது அவன்தான். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், நடுவில் ஒரு மாதம் ஊசி வேண்டாம் என்று முரண்டு பிடித்தான், முதலில் கிடைத்த இடமும் ஒத்துவரவில்லை. ஆனால் இப்போது ஞாயிற்றுக்கிழமை அவனே போன் செய்கிறான்.

மன்னிப்பானா என்று கேட்டீர்கள். கோர்ட் கடிதம் கைக்குப் போனதும் ஆறு வாரம் என்னோடு பேசவில்லை. நான் வாராவாரம் மெசேஜ் மட்டும் போட்டுக்கொண்டே இருந்தேன்.

மனநலப் பணியாளர்

நான் வேறொரு கவுண்டியில் இந்தப் பிரிவில்தான் வேலை செய்கிறேன். அக்கா சொன்னது எல்லாம் சரி, சில விஷயம் சேர்க்கிறேன். உங்கள் ஃப்ரீமாண்ட் இருக்கும் அலமீடா கவுண்டியில் 2024 டிசம்பரிலிருந்து நடக்கிறது. 18 வயதுக்கு மேல், ஸ்கிசோஃப்ரினியா வகை நோய் இருந்தால்தான் முதலில் எடுத்தார்கள், 2026 ஜனவரியிலிருந்து சைக்கோசிஸோடு (நிஜம் எது என்று தெரியாமல் போகும் நிலை) வரும் பைபோலார் 1 என்ற நோயும் சேர்ந்திருக்கிறது. பெற்றோர் மனு போடலாம்.

மனுவோடு ஓர் ஆதாரம் வேண்டும். 5250 என்கிற 14 நாள் அட்மிஷன் இரண்டு முறை நடந்திருந்தால் (கடைசியாக நடந்தது 60 நாளுக்குள் இருக்க வேண்டும்) அதைக் காட்டலாம். உங்கள் மகனை 72 மணி நேரத்திலேயே அனுப்பிவிட்டதால் அந்த வழி இல்லை. அப்படியானால் கேர்-101, லைசென்ஸ் உள்ள மனநல நிபுணர் எழுதிக் கொடுப்பது. மகன் டாக்டரிடம் வரவே மாட்டான் என்று இங்கே பலர் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள். நிபுணர் 60 நாளுக்குள் பல தடவை பார்க்க முயன்றும் அவர் ஒத்துழைக்கவில்லை என்றாலும் எழுதித் தரலாம், சட்டத்திலேயே இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் உங்களிடம் எதுவும் சொல்ல மாட்டார்கள், ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்கத் தடையே இல்லை. ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுங்கள். ஃபார்மிலும் அப்படித்தான். "ரொம்ப மோசமாக இருக்கிறான்" என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. வாழைப்பழம், தயிர் டப்பா, இருபது அடி, எத்தனை நாளாக, எத்தனை கிலோ இளைத்தான், அதை எழுதுங்கள்.

மருந்தை வலுக்கட்டாயமாகக் கொடுக்க இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை. உங்கள் மகனுக்கு வக்கீலை இலவசமாகத் தருவார்கள், அந்த வக்கீல் அவருக்காகப் பேசுபவர், உங்களுக்காக அல்ல. முதல் ஹியரிங்குக்கு நீங்கள் போக வேண்டும், அதற்குப் பிறகு மனுதாரர் இடத்தில் கவுண்டி வந்துவிடும். அக்ரிமென்ட் வரவில்லை என்றால் ஜட்ஜே உத்தரவாக ஒரு கேர் பிளான் (சிகிச்சைத் திட்டம்) போட வாய்ப்பு உண்டு, ஒரு வருடம், தேவைப்பட்டால் இன்னொரு வருடம். அந்தப் பிளானை அவர் முடிக்காமல் போனால் சிறை, அபராதம் கிடையாது, ஆனால் அடுத்த 6 மாதத்தில் கன்சர்வேட்டர்ஷிப் (அவருக்காக முடிவெடுக்கக் கோர்ட் வேறொருவரை நியமிப்பது) பேச்சு வந்தால் கோர்ட் அதையும் கணக்கில் எடுக்கலாம். இதை மறைக்காமல் சொல்வதுதான் நியாயம்.

சென்னை விஷயம்: அங்கேயும் 2017 சட்டப்படி சம்மதம் இல்லாத அட்மிஷனுக்கு நிபந்தனைகள் உண்டு, முதலில் 30 நாள்தான். விஷம் வைக்கிறார்கள் என்று பயப்படுகிற பிள்ளையை ஏமாற்றி விமானத்தில் ஏற்றாதீர்கள், தயவுசெய்து.

அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன்

எனக்கும் இதே நோய்தான், பதினோரு வருடம். இந்தச் சட்டத்தை எதிர்த்து மாற்றுத்திறனாளிகள் உரிமை அமைப்புகள் 2023-இல் கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட் வரை போயின, கோர்ட் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் பயந்தது எனக்குப் புரிகிறது. கோர்ட் என்ற சொல்லே எங்களுக்கு இன்னொரு பூட்டு மாதிரிதான் கேட்கும். அதனால் கோர்ட் கடிதம் வருவதற்கு முன்னால் நீங்களே உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள் அம்மா, ஒளிந்து செய்யாதீர்கள்.

உனக்கு நோய் இருக்கிறது என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த ஆள் எதிரி ஆகிவிடுவார். என் அத்தை மட்டும்தான் நோயைப் பற்றிப் பேசவே இல்லை, ராத்திரி தூங்கினாயா என்று கேட்பார். நான் மாத்திரைக்கு ஒத்துக்கொண்டதே தூக்கத்துக்காகத்தான்.

ஃப்ரீமாண்ட் அம்மா

எல்லோருக்கும் நன்றி, இவன் அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். வியாழக்கிழமை செல்ஃப் ஹெல்ப் சென்டர் போகிறோம், இரண்டு பேருமே. பழைய டாக்டரிடம் கேர்-101 கேட்டிருக்கிறேன்.

இன்று தயிர் வைக்கும்போது, அத்தையைப் பற்றி எழுதிய தம்பி சொன்ன மாதிரி கேட்டேன், ராத்திரி தூங்கினாயா கண்ணா என்று. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி, சீட்டில் கழுத்து வலிக்கிறது என்றான். சாயங்காலம் புதுத் தலையணை ஒன்று வாங்கி பானெட் மேல் வைத்துவிட்டு வந்தேன். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை.