வைவாவில் (முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில்) கேட்ட, மறக்க முடியாத ஒரு கேள்வி: இறையியல், மெய்ப்பொருளியல் ஆய்வில் இருப்பவர்கள் பகிருங்கள்

லத்தீன்வாசகன்
இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் வைவா இது. தலைப்பு கடவுளின் எளிமை, அதாவது கடவுளில் பகுதிகளோ கூட்டோ இல்லை என்ற கொள்கை. "சாரமும் (என்னவாக இருக்கிறது என்பதும்) இருத்தலும் (இருக்கிறது என்பதும்) கடவுளில் ஒன்றென்றால், எல்லாவற்றுக்கும் பொதுவான இருத்தலே கடவுள்" என்ற வரியை 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தோமா அக்குவினாஸின் முடிவாகக் காட்டி, அதன்மேல் ஒரு அத்தியாயமே கட்டியிருந்தார் மாணவர். புறத்தேர்வாளர் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "இது தோமா சொல்வதா, தோமா மறுப்பதா?" என்றார். அறையே அமைதியாகிவிட்டது.

அந்த வரி தோமாவின் பெருநூலான 'சும்மா தியோலஜியே'வில் முதற்பாகம், கேள்வி 3, ஆர்ட்டிகிள் (கேள்வியின் உட்பிரிவு) 4இன் முதல் மறுப்பு. ஒவ்வொரு ஆர்ட்டிகிளும் "இப்படித் தோன்றுகிறது" என்று எதிர்த்தரப்போடுதான் ஆரம்பிக்கும். அடுத்து 'செத் கோந்த்ரா' ("ஆனால் இதற்கு மாறாக"). தோமாவின் விடை 'ரெஸ்பொந்தேயோ'வில் ("பதிலளிக்கிறேன்") தான். கடைசியில் மறுப்புகளுக்குத் தனித்தனியே பதில். கேள்வி 2, ஆர்ட்டிகிள் 3 தொடங்குவதே "கடவுள் இல்லை என்று தோன்றுகிறது" என்றுதான். இணையத்தில் சொல்லைத் தேடி வரியை மட்டும் எடுத்தால் இப்படித்தான் ஆகும்.

அரசரடி
அண்ணே, அது கவனக்குறைவு. திருத்திக் கொடுத்துவிடலாம். ஆளைக் கவிழ்க்கிற கேள்வி வேறு: "கடவுள் இருந்தே ஆகவேண்டியவர். அவருடைய படைக்கும் செயலும் அவரும் ஒன்று. அப்படியானால் உலகமும் இருந்தே ஆகவேண்டியதா?" ஒரு வைவாவில் இதற்கு "அது மறைபொருள்" என்று பதில் வந்தது. தேர்வாளர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

பதில் இருக்கிறது. கேள்வி 19, ஆர்ட்டிகிள் 3: கடவுள் தம் நன்மையை மட்டுமே கட்டாயமாக விரும்புகிறார்; மற்றவற்றை அப்படியல்ல. கேள்வி 13, ஆர்ட்டிகிள் 7: படைப்புக்குக் கடவுளோடுள்ள உறவு படைப்பில் மெய்யானது, கடவுளில் நம் சிந்தனையளவில் மட்டும். "கடவுள் படைக்கிறார்" என்பது உண்மையாக இருக்க, அவரைச் சார்ந்த உலகம் இருந்தால் போதும். அவருக்குள் கூடுதலாக எதுவும் வேண்டாம். சரி, கடவுளுக்குள் எந்த வேறுபாடும் இல்லையென்றால், வேறொரு உலகம் வராமல் இந்த உலகம் வந்தது எதனால்? எதிர்ப்பாளர்கள் அடுத்துப் பிடிப்பது அங்கேதான். தீசிஸின் உழைப்பு அங்கே இருக்க வேண்டும்.

ஸ்கோட்டஸ்பக்கம்
இரண்டு பேருமே தோமாவை விட்டு வெளியே வரவில்லை. 'இருத்தல்' என்ற கருத்து கடவுளுக்கும் படைப்புக்கும் ஒரே பொருளில் பொருந்தாவிட்டால், படைப்பிலிருந்து கடவுளுக்கு எந்த வாதமும் செல்லாது என்கிறார் தோமாவுக்குப் பின்வந்த பிரான்சிஸ்கன் இறையியலாளர் டன்ஸ் ஸ்கோட்டஸ். அவரைத் தாண்டாமல் ஒப்புமை (ஒரே சொல் கடவுளுக்கும் படைப்புக்கும் முழுக்க ஒரே பொருளிலும் இல்லாமல், முழுக்க வேறு பொருளிலும் இல்லாமல் பொருந்துவது) பற்றி எழுதினால் பாதி வேலைதான்.

புதிதாக வருபவர்களுக்கு இன்னும் கொஞ்சம். பக்க எண்ணை மட்டும் கொடுக்காதீர்கள். பாகம், கேள்வி, ஆர்ட்டிகிள், அதற்குள் எந்தப் பகுதி என்பதுவரை கொடுங்கள்; பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். தோமாவை ஒரே குரலாக எடுக்காதீர்கள். ஒப்புமையை அவருடைய முந்தைய நூலான 'தே வெரித்தாத்தே' கேள்வி 2, ஆர்ட்டிகிள் 11இல் விளக்குவது ஒரு மாதிரி, பின்னால் 'சும்மா தியோலஜியே'வின் கேள்வி 13, ஆர்ட்டிகிள் 5இல் விளக்குவது வேறு மாதிரி. 1215 லாத்தரன் திருச்சபைச் சங்கத்தின் "படைத்தவருக்கும் படைப்புக்கும் இடையே ஒப்புமையைவிட ஒவ்வாமையே பெரிது" என்ற வரியை எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். அது பியோரே மடாதிபதி யோவாக்கிமின் மூவொரு இறைவன் (தந்தை, மகன், தூய ஆவி) போதனையைக் கண்டிக்கும் இடத்தில் வருவது, அதையும் சொல்லுங்கள். கத்தோலிக்கப் பீடங்களில் லைசென்ஷியேட் (முனைவர் பட்டத்துக்கு முந்தைய பட்டம்) இரண்டு வருடம்தான், லத்தீனை அதற்குள் முடித்துவிடுங்கள். முனைவர் பட்டத்துக்கு வந்தபிறகு இலக்கணம் படிக்க உட்கார்ந்தால் எழுத நேரம் இருக்காது. குருமடங்களில் பாடம் எடுக்கத் தேடுவது மூவொரு இறைவன், கிறிஸ்தியல் எடுக்கக்கூடியவரை. எளிமை பற்றி எழுதுபவர் கேள்வி 28இல் வரும் மூவொரு இறைவனுக்குள்ளான உறவுகளுக்கு ஒரு அத்தியாயமாவது ஒதுக்குவது நல்லது.

லத்தீன்வாசகன்
அரசரடி தம்பி, கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. அந்த மறுப்புக்கான பதிலைப் படித்துப் பாருங்கள். கடவுளின் இருத்தலில் கூடுதலாக எதுவும் சேராது என்பதுதான் மறுப்பின் அடிப்படை. ஆனால் கூடுதல் இல்லாமை இரண்டு வகை: தன் இயல்பாலேயே எதையும் சேர்க்க விடாதது ஒன்று, சேர்க்கலாம் சேர்க்காமலும் விடலாம் என்று இருப்பது இன்னொன்று. கடவுளின் இருத்தல் முதல் வகை, பொதுவான இருத்தல் இரண்டாம் வகை. இதை விட்டுவிட்டால் எல்லாப் பொருளும் கடவுள் என்று ஆகிவிடுகிறது. அந்த மாணவரின் அத்தியாயம் போய்ச் சேர்ந்ததும் அங்கேதான்.