ஹீட்டர் வாங்கும் முன் வீட்டைப் பாருங்கள்: இங்கிலாந்து கிளம்பும் நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு

விடுமுறைக்குக் கீழக்கரை வந்திருக்கிறேன். ஏர்வாடி, பெரியபட்டினம், தொண்டிப் பக்கமிருந்து இங்கிலாந்து கிளம்பும் பிள்ளைகள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "காக்கா (அண்ணே), எந்த ஹீட்டர் வாங்கலாம்?"

ஹீட்டர் இருக்கட்டும். முதலில் எந்த வீட்டுக்குக் குடிபோகிறீர்கள் என்று பாருங்கள். அங்கே வாடகை வீட்டுக்கு ஈ.பி.சி. என்றொரு சான்றிதழ் உண்டு; வீடு எவ்வளவு சிக்கனமாக ஆற்றலைச் செலவழிக்கும் என்று காட்டுவது. ஏ முதல் ஜி வரை தரம், ஏதான் சிறந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், சில விலக்குகள் தவிர, ஈ தரத்துக்குக் கீழே உள்ள வீட்டைத் தனியார் வாடகைக்கு விடக் கூடாது. அஞ்சல் குறியீட்டைப் போட்டால் அரசு இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

2 கிலோவாட் விசிறி ஹீட்டர் மணிக்கு 2 யூனிட் இழுக்கும். அங்கே மின்சாரம் யூனிட்டுக்கு எரிவாயுவைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விலை. எரிவாயு பாய்லர் உள்ள வீட்டில் அதையே நம்புங்கள். கையை ஈரமாக்கிக் கதவடியிலும் ஜன்னல் இடுக்கிலும் காட்டுங்கள். காற்று நுழையும் இடம் சில்லென்று தெரியும். அங்கே ஒட்டும் நுரைப்பட்டை சில பவுண்டுக்குக் கிடைக்கும். பாய்லரின் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் சுவர்த் தகடுதான் ரேடியேட்டர். திரைச்சீலை அதை மூடித் தொங்கக் கூடாது, சூடெல்லாம் ஜன்னலுக்குப் போய்விடும்.

நம் ஆட்கள் சறுக்குவது அடுத்த விஷயத்தில்தான். குளிருகிறது என்று ஜன்னலின் மேல்சட்டத்தில் காற்றுக்காகவே வைத்திருக்கும் துவாரத்தையும் டேப் போட்டு அடைத்துவிடுவார்கள். உள்ளே சோறு வடிக்கிறது, மீன் ஆணம் கொதிக்கிறது, ரேடியேட்டரில் துணி காய்கிறது, நாலு பேர் மூச்சு விடுகிறார்கள். அந்த ஈரம் முழுக்க வீட்டிலேயே குளிர்ந்த இடமாகப் பார்த்துப் போய் ஒட்டும்: அலமாரிக்குப் பின்னால், ஜன்னல் மூலையில், கட்டிலை ஒட்டிய வெளிச்சுவரில். முதலில் கண்ணாடி வியர்க்கும், அப்புறம் சுவரில் கரும்பூஞ்சை, அப்புறம் பிள்ளைகளுக்கு இருமல். கடலோரத்தில் வளர்ந்த நமக்கு ஈரக்காற்று புதிதில்லைதான். ஆனால் இங்கே ஜன்னல் நாள் முழுக்கத் திறந்து கிடக்கிறது, வெயிலும் அடிக்கிறது. அங்கே குளிர்காலத்தில் இரண்டும் கிடையாது.

அதனால் மூடி போட்டுச் சமையுங்கள். புகைபோக்கி விசிறியைச் சமையல் முடிந்த பிறகும் சற்று நேரம் ஓடவிடுங்கள். காலையில் எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் திறங்கள். காற்றுதான் மாறும், சுவரின் சூடு அவ்வளவாகக் குறையாது. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். அப்படியும் சுவர் நனைந்தால் குறை கட்டடத்தில் இருக்கலாம். படம் எடுத்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள், வாய்ப்பேச்சோடு விடாதீர்கள்.

மிச்சம் பிடிக்கிறேன் என்று குளிரில் கிடக்கவும் வேண்டாம். குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் அதற்கும் கொஞ்சம் மேலே வையுங்கள்.

சம்பாதித்து ஊரில் வீடு கட்டப் பணம் அனுப்பும்போதும் இதே கணக்குதான். சித்திரை வெயிலில் கான்கிரீட் தளம் பகலெல்லாம் சூட்டைக் குடித்து, ராத்திரி அறைக்குள் இறக்கும். ஏசி வாங்கித் தருவதற்கு முன் மொட்டைமாடிக்கு வெள்ளை ஓடு பதியுங்கள், முடியாவிட்டால் சுண்ணாம்பாவது அடியுங்கள். சோலார் போட்டால் 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் வரை உண்டு. தாங்கும் சட்டம் மட்டும் அலுமினியமோ நன்றாகத் துத்தநாகம் ஏற்றிய இரும்போ என்று கேட்டு வாங்குங்கள். நம் உப்புக்காற்றில் சாதா இரும்பு நிற்காது.