வெண்ணாற்றங்கரைக் குடும்பம்: பானட்டுக்குள் கழன்று கிடந்த ஹோஸ்

நான்: [படம்] மாமா, இருக்கிறீர்களா? நீடாமங்கலம் தாண்டிச் சாலையோரம் நிற்கிறோம். கண்ணாடி முழுக்கப் பதரும் தூசியும். வாஷர் தண்ணீர் ஊற்றலாம் என்று பானட்டைத் திறந்தேன். விரல் பருமனில் ஒரு கறுப்பு ஹோஸ் ஒரு பக்கம் கழன்று கிடக்கிறது. எதனுடையது என்று தெரியவில்லை.

தஞ்சாவூர் சித்தி: அக்கா வண்டியில்தானே இருக்கிறாள்? அவசரப்படாதீர்கள். தட்டு மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது.

சின்னத் தம்பி: அண்ணா, அது ஏசி தண்ணீர் வடிகிற குழாயாக இருக்கும். சும்மாதான் தொங்கும்.

கும்பகோணம் அத்தான்: எலி வேலையாகவும் இருக்கலாம். அறுப்பு முடிந்தால் வயல் எலியெல்லாம் வீட்டுப் பக்கம் வந்துவிடுகிறது. எங்கள் வண்டியில் ஒயரையே கடித்துவிட்டது.

நான்: பக்கத்தில் ஹோஸ் மாட்டுகிற மாதிரி ஒரு சின்னக் குழாய் மூக்கு காலியாக இருக்கிறது. அதில் செருகிப் பார்க்கவா மாமா?

மன்னார்குடி மாமா: வேண்டாம் மாப்பிள்ளை. பொருந்துகிறது என்பதற்காக எதிலும் செருகாதே. முதலில் இன்ஜினை நிறுத்து. நிறுத்திய பிறகும் ஃபேன் ஓடலாம், அதன் பக்கம் கையை விடாதே. ரேடியேட்டர் மூடியையும் தொடாதே, சூட்டில் திறந்தால் கொதிக்கும் தண்ணீர் மேலே அடிக்கும்.

மன்னார்குடி மாமா: இப்போது சொல். பெட்ரோல் வாடை வருகிறதா? கீழே ஏதாவது சொட்டுகிறதா? டெம்பரேச்சர் முள் எங்கே நின்றது? பிரேக் வழக்கம்போல் பிடித்ததா?

நான்: வாடை இல்லை. கீழே ஏசி தண்ணீர் மட்டும் சொட்டுகிறது. முள் நடுவில்தான் நின்றது. பிரேக் எப்போதும் போலத்தான்.

மன்னார்குடி மாமா: நல்லது. பெட்ரோல் வாடை இருந்தால் சாவியையே தொடக் கூடாது, எல்லோரும் இறங்கித் தள்ளி நிற்க வேண்டும். ஓடும்போது பிரேக் மிதி இறுகிப்போயிருந்தால் பூஸ்டர் ஹோஸ், அதாவது மிதியை லேசாக்கும் பூஸ்டருக்குப் போவது, என்று சந்தேகப்படலாம், அப்போது வண்டியை நகர்த்தக் கூடாது. இரண்டும் இல்லை. நிதானமாகப் பார்ப்போம்.

மன்னார்குடி மாமா: தம்பி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஏசித் தண்ணீர்க் குழாய், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் இருக்கிற டப்பாவில் மிஞ்சியதை வெளியே விடும் குழாய், இவற்றுக்கெல்லாம் ஒரு முனை திறந்தேதான் இருக்கும். அதை முனையைப் பார்த்தே சொல்லிவிடலாம். கிளிப் இறுகிய தடம் வட்டமாக இருக்கிறதா பார்.

நான்: இருக்கிறது. முனை கொஞ்சம் அகன்றும் இருக்கிறது. கிளிப் ஹோஸிலேயே பின்னால் தள்ளிக் கிடக்கிறது.

மன்னார்குடி மாமா: அப்படியென்றால் எதிலோ மாட்டியிருந்த ஹோஸ்தான். எலியும் இல்லை, கடித்திருந்தால் முனை பிய்ந்திருக்கும், பல் பட்ட தடம் இருக்கும். இனி கழன்ற முனையை விட்டுவிடு. கழலாத முனை எங்கே போகிறது என்று தடவிக்கொண்டே போ.

நான்: இன்ஜினுக்கு மேலே போய் முடிகிறது. ஆயில் ஊற்றும் மூடிக்குப் பக்கத்தில். ஹோஸுக்குள் விரல் விட்டால் எண்ணெய்ப் பிசுக்கு, ஆனால் சொட்டவில்லை.

மன்னார்குடி மாமா: ப்ரீதர் ஹோஸ்! பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் புகை எப்போதும் ஆயில் இருக்கிற பகுதிக்குள் இறங்கும். அது உள்ளேயே அடைந்தால் அழுத்தம் ஏறி ஆயில் சீல் வழியாகக் கசியும். அதனால் இன்ஜினே அதைத் திரும்ப இழுத்து எரித்துவிடும். இதற்கு இன்ஜின் மேல் மூடியான டேப்பட் கவரிலிருந்து பொதுவாக இரண்டு வழி உண்டு. ஒன்று வால்வு வைத்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் மேனிஃபோல்டுக்குப் போவது. அது கழன்றால் உஸ்ஸென்று காற்று இழுக்கும், ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஐடிலில் நிற்கும்போது இன்ஜின் உதறும். உனக்கு உதறியதா?

நான்: இல்லை மாமா, ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

மன்னார்குடி மாமா: அப்படியானால் இது இன்னொன்று. ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து இன்ஜினுக்கு ஒரு தடித்த குழாய் போகும். அதில் காலி மூக்கு இருக்கிறதா தேடு.

நான்: [படம்] இருக்கிறது! அடிப்பக்கத்தில் மறைந்திருந்தது. முதலில் நான் கேட்டது இது இல்லை, அது வெள்ளை டப்பாவின் மூடிக்குப் பக்கத்தில் இருப்பது.

மன்னார்குடி மாமா: அந்த வெள்ளை டப்பா கூலண்ட் டப்பா. அந்த மூக்கு அது மூச்சு விட, அப்படியே இருக்கட்டும். இப்போது கண்டுபிடித்ததுதான் சரியான இடம். ஏர் ஃபில்டரைச் சமீபத்தில் மாற்றினாயா?

நான்: போன மாதம் சர்வீஸில் மாற்றினார்கள்.

மன்னார்குடி மாமா: பெட்டியைத் திறக்க இதைக் கழற்றியிருப்பார்கள். இதில் எனக்குக் கவலை என்னவென்றால், அந்த மூக்கு ஃபில்டரைத் தாண்டி இன்ஜின் பக்கம் இருக்கிறது. அந்த ஓட்டை வழியாக வடிகட்டாத காற்றை இன்ஜின் இழுத்துக்கொண்டிருக்கிறது. தை, மாசியில் நம் பக்கத்துச் சாலையில் என்ன தூசி! அறுப்பு மிஷின் ஒரு பக்கம், ரோட்டிலேயே நெல் காய்கிறது, வைக்கோல் டிராக்டர் போகிறது. அந்தப் பொடி உள்ளே போனால் சிலிண்டர் தேயும். முள்ளும் காட்டாது, விளக்கும் எரியாது.

கும்பகோணம் அத்தான்: அடடா. துணியை வைத்து அடைத்துக்கொண்டு தஞ்சாவூர் வரட்டுமா?

மன்னார்குடி மாமா: துணி கூடவே கூடாது, இன்ஜின் உள்ளே இழுத்துவிடும். மாப்பிள்ளை, மூக்கைச் சுற்றியுள்ள தூசியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஹோஸை அடி வரை அழுத்திச் செருகு. அப்புறம் கிளிப்பைப் பிளேயரால் விரித்துப் பழைய தடத்தில் கொண்டுவந்து விடு.

நான்: பக்கத்தில் நிற்கும் லாரிக்காரரிடம் பிளேயர் வாங்கினேன். மாட்டியாயிற்று. ஆனால் முனையில் ஒரு சின்ன வெடிப்பு இருக்கிறது.

மன்னார்குடி மாமா: கிளிப்புக்கு அடியிலா, வெளியிலா?

நான்: ஓரத்தில்தான். கிளிப் அதைத் தாண்டிப் பிடித்திருக்கிறது.

மன்னார்குடி மாமா: இன்றைக்குத் தாங்கும். இன்ஜினைப் போட்டு, கை படாமல் காது கொடுத்துக் கேள். சத்தம் இல்லையென்றால் கிளம்பு. நாளைக்குப் பழைய ஹோஸையே கழற்றிக் கொண்டுபோய்க் கடையில் காட்டி, ஆயில் தாங்குகிற ஹோஸாகக் கேட்டு வாங்கு. தோட்டத்துக் குழாயை வெட்டி மாட்டாதே, சூட்டுக்கும் ஆயிலுக்கும் நிற்காது. மாற்றும்போது அந்தத் தடித்த குழாய்க்குள் விரல் விட்டுப் பார். புழுதி படிந்திருந்தால் எனக்குப் படம் அனுப்பு.

நான்: சரி மாமா. சத்தம் ஒன்றும் இல்லை. கிளம்புகிறோம் சித்தி.

தஞ்சாவூர் சித்தி: மெதுவாக வாருங்கள். அம்மாபேட்டை வந்ததும் ஒரு போன் போடு, இலை போடச் சொல்கிறேன்.