கனடா கஞ்சா நிறுவனம்: டிபெஞ்சரா, சாதாரணப் பங்கா?

கனடாவில் உரிமம் பெற்ற ஒரு கஞ்சா உற்பத்தி நிறுவனத்தின் கன்வெர்ட்டிபிள் டிபெஞ்சரை (விரும்பினால் பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய கடன் பத்திரம்) வாங்குவதா, சாதாரணப் பங்கை வாங்குவதா என்று முடிவுக்கு வர முடியவில்லை.

முகமதிப்பு 1,000 கனடிய டாலர், வட்டி 8%, முதிர்வுக்கு 22 மாதம், பங்காக மாற்றும் விலை 2.50 டாலர். அதாவது ஒரு பத்திரத்துக்கு 400 பங்கு. பங்கு இப்போது 1.10, மாற்றினால் 440 டாலர்தான் தேறும். பத்திரமோ 680-க்குக் கைமாறுகிறது. முதிர்வுவரை வைத்திருந்தால் ஆண்டு வருவாய் 30 சதவீதத்துக்கு மேல் வருகிறது. அசல் திரும்புமா என்றே சந்தை சந்தேகப்படுகிறது என்றுதான் இதற்கு அர்த்தம்.

கனடிய நிறுவனங்கள் ஆவணங்களைத் தாக்கல் செய்யும் செடார் பிளஸ் தளத்தில் பத்திர ஒப்பந்தத்தை முழுக்கப் படித்தாயிற்று. பிணையில்லாக் கடன், வங்கிக் கடனுக்குப் பின்னால்தான் நிற்கிறது. காலாண்டு அறிக்கையில் செயல்பாட்டுப் பணவரவு எதிர்மறை, கலால் வரி பாக்கியும் ஏறிக்கொண்டே போகிறது. தரகர் 'இரண்டிலும் பாதிப் பாதி' என்றார், காரணம் சொல்லவில்லை.

உறுத்துவது ஒரு பிரிவு: தவணை தவறாத நிலையில், முதிர்வில் அசலைப் பணமாகத் தராமல் 20 நாள் சராசரி விலையில் 95 சதவீதக் கணக்கில் பங்காகவே தரலாம். விலை அதற்குள் 50 சென்ட்டுக்கு இறங்கியிருந்தால் பத்திரம் ஒன்றுக்கு 2,105 பங்கு. எல்லோரும் ஒரே வாரத்தில் விற்க வந்தால் வாங்க ஆள் ஏது? பழைய பங்குதாரருக்கு அடி இன்னும் பலம்.

இப்படிப் பங்காகத் தீர்க்கும் பிரிவு உள்ள டிபெஞ்சரை மதிப்பிடும்போது, அசலில் எத்தனை சதவீதம் கைக்கு வரும் என்று வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள்?